தயாரித்தவர்: ரோலண்ட் பெக்

ரோலண்ட் பெக்கின் ஹெலிகாப்டர் சோளக்காட்டில் விழுந்துவிட்டது என்று கேட்டதும் மார்லிஸ் குபிசெக்குக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மூடி மறைத்துப் பிரயோஜனமில்லை. ரோலண்டுக்கு இடுப்பு எலும்பு போயிற்று, உயிர் போகவில்லை, பக்கத்து இருக்கையில் இருந்த டக் ஹென்ரிக்ஸுக்கு முதுகெலும்பு முறிந்திருக்கிறது என்பதெல்லாம் அடுத்தடுத்து வந்த சேதிகள். அவை வந்து சேர்வதற்குள் அவள் சந்தோஷப்பட்டு முடித்திருந்தாள்.

போனில் சேதி சொன்னவர் வெர்ஜில் நோவாக். எழுபது வயதுக்காரர். சொந்தக் கையால் இரண்டு விமானம் கட்டியவர், மூன்றாவது பாதியில் நிற்கிறது. ஊர் விமானத் திடலில் அவரைப் போல நல்ல மனுஷரும் கிடையாது, அவரைப் போல நீள வாய்க்காரரும் கிடையாது.

"ஏம்மா மார்லிஸ், கேட்டியா? நாப்பது அடி உசரத்துலேர்ந்து சொத்துன்னு உக்காந்துருச்சாம். ரெண்டு பேரையும் லிங்கன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

"ரெண்டு பேரா? அவன் இன்னும் நாப்பது மணி நேரம் ஓட்டி முடிக்கலையே. அதுக்குள்ள ஆள் ஏத்துனானா?"

"முப்பத்தோரு மணி நேரம்தான் ஆச்சாம். டக் ரொம்ப நாளா நச்சரிச்சுக்கிட்டு இருந்தானாம், இவனும் வாடான்னு ஏத்திட்டான்."

"அப்ப நல்லா வேணும்."

"என்னம்மா இப்படிப் பேசுற!"

அவள் போனை வைத்துவிட்டு, பிரித்துப் போட்டிருந்த டிராக்டருக்குத் திரும்பிப் போனாள். வீட்டில் கட்டிய எந்தப் பறக்கும் பொறிக்கும் முதல் நாற்பது மணி நேரம் சோதனைக் காலம். ஓட்டுகிறவன் தனியாகத்தான் போக வேண்டும். செத்தால் தனியாகச் சாகட்டும் என்பதுதான் அந்த விதிக்கு அர்த்தம். அதைக்கூட மதிக்காதவன் என்று நினைக்க நினைக்க அவளுக்கு இன்னும் இனித்தது.

இந்த இனிப்புக்குப் பின்னால் ஆறு வருஷ உழைப்பும் ஒரு சனிக்கிழமைக் காலையும் இருந்தன.

ரோலண்ட் விதை விற்றுச் சம்பாதித்துவிட்டு ஓய்வு பெற்றவன். ஹெலிகாப்டர் பைத்தியம். கன்சாஸில் ஒரு விதவையிடம் பாதியில் நின்றுபோன பெட்டிகளை வாங்கிக்கொண்டு வந்தான். வீட்டில் ஹெலிகாப்டர் கட்டுகிற கூட்டத்தில் பாதிப் பெட்டிகள் இப்படி விதவைகளிடமிருந்தும் விவாகரத்து வாங்கியவர்களிடமிருந்தும்தான் கைமாறும். கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் அவனுக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவனுக்கு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது. ஆகவே உழவுப் பொறி பழுது பார்க்கும் மார்லிஸிடம் வந்தான்.

"ரெண்டு பேரும் பார்ட்னர். கொட்டகை என்னுது, கை உன்னுது. பறக்கறப்ப ஆளுக்குப் பாதி. என்ன சொல்ற?"

மார்லிஸ் ஒத்துக்கொண்டதற்கு அவன் பேச்சு காரணமில்லை. அறுவடை முடிந்த நிலத்துக்கு மேல் மின்கம்பிகளைத் தாண்டி எழும்பி, நினைத்த இடத்தில் நின்று, பின்பக்கமாகக்கூடப் போகிற ஒரு வண்டி. விமானம் ஓடுபாதையைக் கேட்கும், இது ஒரு கொல்லையைத்தான் கேட்கும். பதினேழு வயதிலிருந்து மற்றவர்களின் கலப்பையையும் இரும்புக் கேட்டையும் ஒட்டுப்போட்டுக் கொடுத்தவளுக்குத் தன் கையால் பற்றவைத்த ஒன்று தரையை விட்டு எழும்ப வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதில் தப்பென்ன?

பெட்டியில் வந்த இரும்புச் சட்டகத்தைப் பார்த்ததுமே அவள் முகத்தைச் சுளித்தாள். செத்துப்போன மனுஷர் வெல்டிங் என்ற பெயரில் சாணி அப்பியிருந்தார். மொத்தத்தையும் அறுத்துப் போட்டுவிட்டுப் புதுக்குழாய் வாங்கி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். நூற்றெண்பத்தேழு மூட்டுகள். ஒவ்வொரு மூட்டையும் சுற்றி அவள் போட்ட கோடு பின்னிய ஜடை மாதிரி ஒரே சீராக இருக்கும். ரோலண்ட் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "எப்படிடீ இது? மிஷின் போட்டாக்கூட இப்படி வராதே!" என்று வாய் பிளப்பான். ஆறு வருஷமும் அந்த வாளிதான் அவன் இடம்.

மேல் விசிறியின் அதிர்வைச் சரி பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஏப்ரல் மதியம், பொறி ஓடிக்கொண்டிருக்க, மார்லிஸ் உள்ளே இருந்தாள். இடது கை நெம்புகோலை ஒரு மயிரிழை உயர்த்தியிருக்க வேண்டும். வேண்டுமென்றே உயர்த்தினாளா என்று கேட்டால் அவள் பதில் சொல்ல மாட்டாள். புல்லை விட்டு ஓரடி எழும்பி நின்றது. முப்பது விநாடி. கால் இரண்டும், கை இரண்டும் ஓயாமல் சின்னச் சின்னதாக அசைய வேண்டியிருந்தது. கொஞ்சம் அசட்டையாக இருந்தால் சாய்ந்து, விசிறி மண்ணில் அடித்து, எல்லாம் தூள் தூளாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் இறக்க மனசு வரவில்லை. கீழே இறங்கி வந்து அவள் அழுதாள், ரோலண்டும் அழுதான். பதிவு ஆகாத பொறியைத் தூக்கியது குற்றம், யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். அவள் சொல்லவில்லை.

பதிவுக்கான தாளை ரோலண்ட்தான் எழுதி அனுப்பினான். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, திடலில் வழக்கமான காலைச் சாப்பாடு. அப்பமும் தொத்திறைச்சியும், நோவாக் வீட்டம்மாள் கொண்டுவரும், நடுவில் பழம் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டியும். கொட்டகைக் கதவைத் திறந்து ஹெலிகாப்டரை வெளியே தள்ளினார்கள். வால் பக்கம் புதிதாக ஒரு சின்ன எஃகுத் தகடு பளபளத்தது. மார்லிஸ் குனிந்து படித்தாள். தயாரித்தவர்: ரோலண்ட் பெக். அவ்வளவுதான்.

அவள் நிமிர்வதற்குள் அவன் அவள் தோளில் கையைப் போட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்.

"இவங்கதான் மார்லிஸ். இவங்க இல்லன்னா நான் பட்டினி கெடந்தே செத்திருப்பேன். ஸ்பேனர் எடுத்துக் குடுக்கறதென்ன, காபி போட்டுக் குடுக்கறதென்ன!"

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு தனியாகப் பிடித்துக் கேட்டபோது, "அந்தத் தாள்ல ஒரு பேருக்குத்தான் எடமிருந்துச்சு மார்லிஸ்," என்றான். வெர்ஜிலின் விமானத் தகட்டில் மூன்று பெயர் இருப்பதை அவள் அன்று மத்தியானமே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பொறியில் பெரும்பகுதியை என் கையாலேயே செய்தேன் என்று நோட்டரி முன்னால் ரோலண்ட் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தான் என்பதும் பின்னால் தெரிந்தது. மார்லிஸ் தன் கருவிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அப்புறம் அந்தக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இவனை ஒருநாள் இந்தப் பெயராலேயே அடிக்க வேண்டும் என்று மட்டும் மனசுக்குள் வைராக்கியமாக இருந்தது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

விபத்து நடந்து நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவனே வழி காட்டினான்.

"மார்லிஸ், நான்தான். வலி உயிர் போவுது. கேளு, விசாரணைக்கு ஒரு அம்மா வருவாங்க. விசிறித் தண்டைத் தாங்குற பேரிங் இறுகிப் போச்சுன்னு சொல்றாங்க. அதைப் பொருத்துனது நீதானே? நாம சேந்துதானே கட்டுனோம்? அதை அவங்ககிட்ட நீ சொல்லிடு, பார்ட்னர்."

"என்ன சொன்னே?"

"பார்ட்னர்னு சொன்னேன்."

"எத்தனை மாசமாச்சு ரோலண்ட் அந்த வார்த்தையக் கேட்டு!"

"இங்க பாரு, டக் குடும்பம் என்னைச் சும்மா விடாது. என் ஒருத்தனால தாங்க முடியாது. நான் ஏற்கெனவே உன் பேரைச் சொல்லிட்டேன்."

இத்தனை நாள் சொல்லாத பெயரை, வீழ்ந்த பிறகு, பழியைப் பங்கு போட மட்டும் சொல்கிறான். மார்லிஸுக்கு நெஞ்சு எரிந்தது. கூடவே ஒரு பயமும் எட்டிப் பார்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பேரிங்கை அவள்தான் அழுத்திப் பொருத்தினாள். ஒரு நூல் கோணலாகப் போயிருக்குமோ? ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. அவள் போனை வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தாள், யோசிக்க யோசிக்க வாயில் எச்சில் ஊறியது. எல்லாவற்றையும் நான்தான் செய்தேன் என்று சத்தியம் செய்தவன் அவன். தகடும் அவன் பெயரைத்தான் சொல்கிறது. அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். அவன் சொன்ன பொய்யை ஆமாம் என்றால் போதும். அவள் பெயரைச் சொன்னால் நோட்டரி முன்னால் பொய் சொன்னவன் ஆகிறான், சொல்லாவிட்டால் முழுப் பழியும் அவன் தலையில். எந்தப் பக்கம் திரும்பினாலும் மாட்டுவான்.

ஒரே ஒரு முள் இருந்தது. கட்டுகிறவர்கள் எல்லோரும் வைப்பது போல அவளும் கட்டுமானக் குறிப்பேடு வைத்திருந்தாள். தேதி, நேரம், செய்த வேலை, செய்யும்போது எடுத்த படம். இந்தக் கூட்டத்தில் கல்யாண ஆல்பம் தொலைத்தவர்கள் உண்டு, குறிப்பேடு தொலைத்தவர்கள் கிடையாது. தடித் தடியாக நாலு புத்தகம். ஒவ்வொரு மூட்டுக்கும் அவள் கையுறை போட்ட கை தெரிகிற படம். பட்டறைக்குப் பின்னால் குப்பை கொளுத்தும் தகரப் பீப்பாய் இருக்கிறது. மறுநாள் பட்டப்பகலில், தெருவில் போகிறவர்கள் கையசைத்துக்கொண்டு போக, அவளும் பதிலுக்குக் கையசைத்துக்கொண்டே நாலையும் பக்கம் பக்கமாகக் கிழித்துப் போட்டாள். முதல் புத்தகத்தை ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். நாலாவதைப் போடும்போது பழகிவிட்டது.

விசாரணை அதிகாரி இனெஸ் பார்டோ அடுத்த செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு வந்தாள். டென்வரிலிருந்து தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும், காலில் வயல் மண் ஒட்டிய பூட்ஸ். நாற்காலியைத் துடைக்காமல் உட்கார்ந்ததிலேயே மார்லிஸுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

"நீங்க இப்ப சொல்றது சத்தியப் பிரமாணம். தெரியும்ல?"

"தெரியும்."

"மிஸ்டர் பெக் சொல்றாரு, சட்டகம், தண்டு, பேரிங் எல்லாம் நீங்கதான் செஞ்சீங்கன்னு."

"அப்படியா சொல்றாரு? தகட்டுல வேற மாதிரில்ல போட்டிருந்துச்சு."

"தகடு இருக்கட்டும், நீங்க சொல்லுங்க. இதுல எந்த வேலையாவது உங்க கையால செஞ்சீங்களா?"

மார்லிஸ் இந்தக் கேள்விக்காக ஒரு வாரம் பயிற்சி எடுத்திருந்தாள்.

"நான் ஸ்பேனர் எடுத்துக் குடுத்தேன். காபி போட்டுக் குடுத்தேன். ஜூன் மாசம் அவரே ஊரைக் கூட்டிச் சொன்னாரு, அம்பது பேர் சாட்சி. வேணும்னா போய்க் கேளுங்க."

"வேற ஒண்ணும் இல்ல?"

"வேற ஒண்ணும் இல்ல."

பார்டோ எழுதியதைப் படித்துக் காட்டினாள், மார்லிஸ் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடும்போது உடம்பெல்லாம் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. அந்த முப்பது விநாடிக்கு அப்புறம் அவளுக்கு அவ்வளவு சுகம் கிடைத்ததில்லை.

பார்டோ தாளைப் பைக்குள் வைக்காமல் மேஜைமேலேயே விட்டுவிட்டு, சில படங்களை எடுத்துப் பரப்பினாள்.

"வாக்குமூலம் முடிஞ்சதால இதைக் காட்டலாம். இது என்னன்னு தெரியுதா?"

பேரிங்கை மூடியிருக்கும் உறை. அதன் மேல் நகக்கண் அளவுக்கு ஒரு சூட்டு ஸ்டிக்கர். பேரிங் அளவுக்கு மீறிச் சூடானால் வெள்ளை கறுப்பாகும், ஆறினாலும் மறுபடி வெள்ளையாகாது. கறுத்துவிட்டால் பறக்காதே, பேரிங்கை மாற்று என்று அர்த்தம். முதல் ஸ்டிக்கரை ஒட்டியவளே மார்லிஸ்தான். படத்தில் அது தடிமனாக, ஒரு அடுக்காகத் தெரிந்தது.

"ஏழு இருக்கு," என்றாள் பார்டோ. "ஒண்ணு மேல ஒண்ணு. பிரிச்சுப் பாத்தோம். அடியில இருக்கற ஆறும் கறுப்பு. கறுக்கக் கறுக்கப் புதுசு எடுத்து ஒட்டியிருக்காரு. அவர் குறிப்பேட்டுலயே தேதியோட எழுதி வெச்சிருக்காரு, ஸ்டிக்கர் மாத்தினேன்னு. பேரிங் மாத்தினேன்னு ஒரு எடத்துலகூட இல்ல. எல்லாம் ஜூலைக்கு அப்புறம்."

"கிரீஸ் வெச்சாரா?"

"துளி இல்ல. காஞ்சு கெடந்துது. பொருத்தினதுல ஒரு குத்தமும் இல்ல, அளந்து பாத்துட்டோம். நூல் பிசகாம உக்காந்திருக்கு. இது அவர் ஒருத்தரோட வேலை. நீங்க என்ன சொல்லியிருந்தாலும் இந்த முடிவு மாறியிருக்காது."

மார்லிஸ் படத்தை இன்னும் கிட்டே இழுத்தாள். அவள் உண்மையைச் சொல்லியிருந்தாலும் ரோலண்ட் ஒழிந்திருப்பான். அவன் குழியை அவனே தோண்டி, தேதி போட்டு எழுதியும் வைத்திருக்கிறான். அவள் ஒரு மண்வெட்டி மண்கூட அள்ளிப் போட்டிருக்க வேண்டியதில்லை. அடிப்பாவி, காத்திருந்திருக்கலாமே, ஒரு வாரம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

பார்டோ கடைசிப் படத்தைத் தள்ளினாள். சோளத் தட்டைகளுக்கு நடுவே சட்டகம் மட்டும். குழாய்கள் வளைந்து, நெளிந்து, மடங்கிக் கிடந்தன.

"இதைப் பாருங்க. நாப்பது அடியிலேர்ந்து விழுந்திருக்கு. அத்தனை குழாயும் மடங்கியிருக்கு, ஒரு மூட்டுகூட விடலை. ஒண்ணுகூட. ஒரு மூட்டு விட்டிருந்தாலும் குழாய் ரெண்டு பேர் வயித்துலயும் பாஞ்சிருக்கும். பத்தொம்பது வருஷமா இந்த வேலைல இருக்கேன், பெரிய கம்பெனிங்க செஞ்சதுலகூட இப்படி நான் பாத்ததில்ல. வெல்டிங் கோடு கையெழுத்து மாதிரி, தெரியுமில்ல? நூத்தெண்பது மூட்டும் ஒரே கை. பெக் உங்க பேரைச் சொன்னதும், இந்தக் கையைப் பாத்துட்டுப் போகணும்னுதான் நானே வந்தேன். இல்லன்னா வேற ஆளை அனுப்பியிருப்பேன்."

அவள் சொல்லிவிட்டு மார்லிஸின் கைகளைப் பார்த்தாள். புறங்கையெல்லாம் தீப்பொறி பட்ட சின்னச் சின்ன வெள்ளைத் தழும்புகள். பார்டோ முட்டாள் இல்லை.

"நான் இன்னும் பையை மூடலை, மார்லிஸ். இந்தத் தாள் இன்னும் மேஜை மேலதான் கெடக்குது. எதாவது திருத்தணும்னா இப்ப திருத்தலாம். வெளிய போயிட்டா அப்புறம் அது பொய்ச் சத்தியம்."

ஆறு வருஷமாக அவள் ஏங்கிய வார்த்தைகள் எல்லாம் இதோ வந்து எதிரில் உட்கார்ந்திருக்கின்றன. நான்தான் என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரோலண்ட் சொன்னது உண்மையாகிவிடும். அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை, அதை இவளே ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்க வேண்டும். குறிப்பேடு எங்கே என்று கேட்பார்கள், கொளுத்திவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவன் சிரிப்பான். கட்டிலில் கிடந்தாலும் சிரிப்பான்.

"திருத்த ஒண்ணும் இல்ல," என்றாள் மார்லிஸ்.

பார்டோ தாளை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப இது அவர் கைன்னுதான் நான் எழுதணும்."

"எழுதுங்க."

குளிர்காலம் வந்து போயிற்று. ரோலண்டின் விமானி உரிமத்தைப் பிடுங்கினார்கள். ஹென்ரிக்ஸ் குடும்பம் வழக்குப் போட்டது. டக் எழுந்து நடக்க ஒரு வருஷம் ஆகும் என்றார்கள். திடலில் யாரும் ரோலண்டின் பெயரை எடுப்பதில்லை, எடுத்தால் துப்பிவிட்டுத்தான் எடுத்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டுவது என்பதே அங்கே கெட்ட வார்த்தை ஆகிவிட்டது. மார்லிஸ் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, இரண்டு கொலாச்சி கூடுதலாகச் சாப்பிட்டு, எல்லாவற்றையும் காதாரக் கேட்டாள். பழி தீர்ந்த சுகம் இருக்கத்தான் செய்தது. இல்லை என்று யார் சொன்னது?

மே மாதம் அரசாங்க அறிக்கை வெளிவந்தது. அந்தச் சனிக்கிழமைச் சாப்பாடு வெர்ஜிலின் கொட்டகையில். அன்று பார்த்து ரோலண்டும் வந்துவிட்டான். மெலிந்து, கைத்தடி ஊன்றி, கடைசி மேஜையில் தனியாக உட்கார்ந்தான். யாரும் அவன் பக்கம் போகவில்லை. வெர்ஜில் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிக்கையைச் சத்தமாகப் படித்தார். ஏழு ஸ்டிக்கரைப் படித்தபோது எல்லோரும் ரோலண்டை முறைத்தார்கள். பிறகு அவர் குரல் மாறியது.

"இதைக் கேளுங்கப்பா. 'சட்டகத்தின் வெல்டிங் அசாதாரணத் தரம் கொண்டது. இருவரும் உயிர் பிழைத்ததற்கு அதுவே காரணம். தயாரித்தவர் இப்பணியைத் தாமே செய்துள்ளார்.' அடேய் ரோலண்ட், நீயாடா? நிஜமாவா?"

நாற்காலிகள் நகர்ந்தன. எட்டு மாதமாக அவனைத் திட்டியவர்கள் எழுந்து அவன் மேஜைக்குப் போனார்கள். கிரீஸ் வைக்கத் தெரியாத மடையன்தான், ஆனாலும் கை கைதான் என்றார்கள். ஒருவன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கியே விட்டான். மார்லிஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் இல்ல," என்றான் ரோலண்ட்.

"என்ன?"

"அது என் கை இல்ல. ஒரு மூட்டுகூட நான் போட்டதில்ல, எனக்கு அந்த மிஷினை ஆன் பண்ணக்கூடத் தெரியாது. எல்லாம் மார்லிஸ் போட்டது. தகட்டுல அவ பேரை நான்தான் போடாம விட்டேன், தப்பு பண்ணிட்டேன். விசாரணைக்கு வந்த அம்மாகிட்ட சொன்னேன், இவ தொடவே இல்லைன்னு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டா."

கொட்டகை முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. மார்லிஸ் அவன் முகத்தில் தந்திரம் எங்கே இருக்கிறது என்று தேடினாள். பழியைப் பங்கு போட இப்போது மிச்சம் ஒன்றுமில்லை, எல்லாம் அவன் தலையில் விழுந்து முடிந்தாயிற்று. அவன் வெறுமனே உண்மையைச் சொல்கிறான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திருடினபோது திருடனாக இருந்தான், சரி. இப்போது யோக்கியனாகவும் ஆகிவிடுவானா?

"என்னம்மா மார்லிஸ் இது?" என்றார் வெர்ஜில்.

"வலிக்கு மாத்திரை நெறைய சாப்பிடறான் போல," என்றாள் மார்லிஸ். சிலர் சிரித்தார்கள்.

"இதுக்கு எதுக்குப் பஞ்சாயத்து?" என்றார் வெர்ஜில். "இந்தா, என் வெல்டிங் மிஷின் இங்கதான் இருக்கு, ரெண்டு குழாய் இருக்கு. ஒரு மூட்டு போட்டுக் காட்டிட்டுப் போயேன். படம் அறிக்கையில இருக்கு, பக்கத்துல வெச்சுப் பாத்துக்கலாம்."

"அதெல்லாம் எதுக்கு வெர்ஜில்?"

"ஒரு நிமிஷ வேலைம்மா. வா வா."

மறுத்தால் சந்தேகம் வரும். நன்றாகப் போட்டுக் காட்டினால் பொய்ச் சத்தியத்துக்காக ஜெயிலுக்குள்ளே போக வேண்டியதுதான், ரோலண்ட் வெளியே யோக்கியனாகத் திரிவான். அவள் எழுந்து போய்க் கையுறையைப் போட்டு, முகமூடியை இறக்கினாள். தீப்பொறி எழுந்தது. உருகிய இரும்பின் சின்னக் குளம் கண்ணுக்கு முன்னால் பளபளவென்று நின்றது. கை தன் பழக்கத்தில் நகர ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அழகாக, அளவாக. அவள் பதறிப்போய்க் கையை இழுத்தாள். வேண்டுமென்றே தூரத்தில் பிடித்தாள், ஓரிடத்தில் நிறுத்திச் சுட்டு ஓட்டை போட்டாள், முதலில் வந்த மூன்று நல்ல வளையத்தின் மேல் இரும்பைக் குவித்து அப்பி மூடினாள். கெடுப்பதற்கு இவ்வளவு கஷ்டப்பட வேண்டும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வெர்ஜில் மூட்டைக் குறட்டால் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனுஷர், புண்படுத்த மனசு வரவில்லை.

"பரவால்லம்மா. மாட்டுப்பட்டி கேட்டுக்குத் தாங்கும்."

கொட்டகையே சிரித்தது. ஏன்டா ரோலண்ட், அடக்கத்துக்கு ஒரு அளவில்லையா என்று முதுகில் தட்டினார்கள். ரோலண்ட் மட்டும் சிரிக்கவில்லை. ஆறு வருஷம் வாளிமேல் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்தவன் அவன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு கிட்ட வந்தான், அசிங்கமான மூட்டைப் பார்த்தான், பிறகு முகமூடியைப் பார்த்தான். அவன் கண்ணில் பயம் இருந்தது. விழுந்த அன்றுகூட அப்படிப் பயந்திருக்க மாட்டான்.

"இவ்வளவு வெறுப்பா மார்லிஸ்?" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"ஆமா," என்றாள் அவள்.

அவன் திரும்பி நடந்தான். ஆட்கள் அவனுக்கு இடம் விட்டு, நாற்காலி இழுத்துப் போட்டு, தட்டில் அப்பம் எடுத்து வைத்தார்கள். என் மூணாவது விமானத்துக்கு நீதான் வந்து வெல்டிங் சொல்லிக் குடுக்கணும் என்று வெர்ஜில் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பேச்சில் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, வேலை முடிஞ்சிருச்சே, இன்னும் ஏன் அந்த முகமூடியை மாட்டிக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டார்.